லெ மான் நாட்கள்: எடை மேடை முதல் ஈரக் கூடாரம் வரை

ஜூன் 8, 2024, சனி

ரயிலை விட்டு இறங்கியதும் அறைக்குப் போகவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக ரெப்பப்ளிக் சதுக்கத்துக்குப் போனேன். பிரான்சின் லெ மான் ஊரில் நடக்கும் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் ஓடப்போகும் கார்களை ஊர் நடுவே, சனங்கள் சுற்றி நின்று பார்க்க, எடை போட்டு அளக்கிறார்கள். அதற்கு 'பெசாஜ்' என்று பெயர். எடை பார்த்தல் என்றுதான் அர்த்தம். இதைப் பார்க்கத்தான் ஒரு வாரம் முன்னாலேயே வந்தேன்.

சதுக்கத்தின் ஓரத்துக் காபிக் கடையில் எடுத்த எடுப்பில் "ஒரு காபி" என்றேன். கடைக்கார அம்மா அசையவில்லை. என் முகத்தைப் பார்த்து நிதானமாக "போன்ஜூர்" என்றார். நானும் போன்ஜூர் சொன்ன பிறகுதான் காபி வந்தது. 1 யூரோ 80 சென்ட். முகமன் சொல்லாமல் எதையும் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. நல்ல வழக்கம், அன்றைக்கே பிடித்துக்கொண்டேன்.

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் கார்கள் இங்கே இன்ஜின் அணைந்து ஊமையாக நிற்கின்றன. மெக்கானிக்குகள் கையால் தள்ளுகிறார்கள். அதிகாரிகள் குனிந்து, நிமிர்ந்து, ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்துத் தாளில் குறிக்கிறார்கள். யாரும் அவசரப்படவில்லை. ஒரு கார் நகர்ந்து அடுத்தது வரும்போதெல்லாம் கூட்டம் கை தட்டுகிறது.

என் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், தோளில் பேரனை ஏற்றிக்கொண்டு நின்றிருந்தார். பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் 9எக்ஸ்8 வந்ததும் அதன் வாலைக் காட்டி, மெதுவான ஆங்கிலத்தில், "போன வருஷம் இங்கே ஒன்றும் இல்லை" என்றார். அவர் சொன்னது விங்கை, காரைத் தரையோடு அழுத்தப் பின்னால் மாட்டும் இறக்கையை. குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் அதே வருத்தம்தான்.

இந்தப் பந்தயத்தின் உச்ச வகுப்பான ஹைப்பர்காருக்கு விதிகள் வந்தபோது, காற்றைப் பிரிக்கும் பாகங்களில் ஒன்றே ஒன்றைத்தான் கூட்டிக் குறைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். காரைத் தரையோடு அழுத்தும் விசைக்கும் காற்றின் தடைக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதத்துக்கும் வரம்பு வைத்தார்கள். எல்லாக் கம்பெனிகளும் இதைப் படித்துவிட்டுப் பின்னால் பெரிய விங்கை மாட்டின. பெஜோ பொறியாளர்கள் இன்னொரு தடவை படித்தார்கள். 'விங் இருக்க வேண்டும்' என்று எங்கேயும் எழுதவில்லையே! அழுத்தத்தை அடித்தளத்திலிருந்தே எடுத்துக்கொண்டு விங்கே இல்லாத காரை 2022-ல் மோன்சாவில் இறக்கினார்கள். பார்க்க வேறு உலகத்துக் கார் மாதிரி இருந்தது. ஆனால் வெற்றி வரவில்லை. முன்னும் பின்னும் ஒரே அகல டயர் என்று அவர்கள் எடுத்த முடிவு, பிறகு மாறிய சூழலில் பாதகமாகிப்போனது. இந்த ஏப்ரலில் இமோலாவில் விங்கோடும் அகலமான பின் டயரோடும் வந்தார்கள். இன்று அந்தக் காரைத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். அழகான கார்தான். இருந்தாலும் மற்ற கார்களின் சாயல் வந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

சோதனை ஓட்டம். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். ஒரு கார் கண்ணை விட்டுப் போனால் திரும்பி வர மூன்றரை நிமிடம் ஆகிறது. பாதையின் பெரும் பகுதி மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் போய்வரும் சாதாரணச் சாலை. சோசேஜைக் கோதுமைத் தோசை போன்ற ஒன்றில் சுருட்டித் தருகிறார்கள், 5 யூரோ. இரண்டு சாப்பிட்டேன். ஜூன் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையில் போய் நடுங்கினேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் பழைய நகரம். ரோமானியர் காலத்து மதில், செந்நிறக் கல்லில் கோலம் போட்டதுபோல் இன்னும் நிற்கிறது. மதியம் ரியெத். பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து, நார் நாராகப் பிரித்து, ஆறவைத்து ரொட்டியில் தடவித் தருகிறார்கள். இந்த ஊரின் பேர்போன பண்டம். கூடவே புளித்த வெள்ளரிப் பிஞ்சு. மொத்தம் 7 யூரோ. கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்பு அறுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ருசி.

அப்புறம் பந்தயப் பாதை வாசலில் இருக்கும் அருங்காட்சியகம். உள்ளே போனால் வேகத்தைப் பற்றி யோசிப்போம் என்று நினைத்தேன். நான்கு மணி நேரமும் விதிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக் கதையையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியம் எழுதுவார்கள், செய்கிறவர்கள் அந்த வாக்கியத்துக்குள் ஒரு கதவைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் தடுக்கில் பாய்ந்தால் இவர்கள் கோலத்தில் பாய்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1998-ன் டொயோட்டா ஜிடி-ஒன். அது ஓடிய வகுப்பின் கார்கள் சாலையில் ஓடும் காரை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும், அதில் ஒரு சூட்கேஸ் வைக்க இடமிருக்க வேண்டும் என்பது விதி. டொயோட்டா காரில் எங்கே இடம்? பெட்ரோல் டேங்கைக் காட்டினார்கள். டேங்க் காலியாக இருக்கும்போது சூட்கேஸ் கொள்ளும் அளவு இடம் அதில் இருக்கிறதே என்றார்கள். அதிகாரிகளும் ஏற்றுக்கொண்டார்கள். இதைக் கேட்டதும் பலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு மரியாதைதான் வருகிறது. விதியை எழுதியவர் மனதில் வைத்ததை விட்டுவிட்டு, தாளில் வைத்ததை மட்டும் படிக்க ஒரு தனிப் பயிற்சி வேண்டும்.

1994-ல் போர்ஷே செய்தது இன்னும் பெரிய வேலை. அவர்களின் 962, பத்து வருஷப் பழைய பந்தயக் கார். ஜெர்மனியில் யோகன் டாவர் என்பவர் அதைச் சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற காராக மாற்றிக்கொண்டிருந்தார். சாலைக் கார் என்றால் ஜிடி வகுப்பில் ஓடலாம் அல்லவா? ஜிடி கார்களுக்கு 120 லிட்டர் டேங்க், பந்தயத்துக்கென்றே செய்யும் புரோட்டோடைப்புகளுக்கு 80 லிட்டர்தான். பெட்ரோல் போடக் குறைவான தடவை பிட்டுக்கு, அதாவது பாதையோரப் பணிமனைக்கு, வந்து, அந்த வருஷப் பந்தயத்தையே வென்றது அந்த டாவர் 962.

அதே போர்ஷேயின் 917 கதை இதற்கெல்லாம் தாத்தா. ஐந்து லிட்டர் ஸ்போர்ட்ஸ் கார் வகுப்பில் சேர, குறைந்தது 50 கார் தயாரித்திருக்க வேண்டும் என்ற விதியை 25 ஆகக் குறைத்தார்கள். பழைய பெரிய கார்களை வைத்திருக்கும் தனி அணிகள் தொடர்ந்து ஓடட்டும் என்பது நோக்கம். புதிதாக 25 பந்தயக் கார் செய்யும் அளவுக்கு யாருக்குப் பணமும் துணிச்சலும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். போர்ஷேயில் கார் உருவாக்கத்துக்குத் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பியெக்குக்கு இருந்தது. முதலில் அதிகாரிகள் வந்தபோது முழுமையான கார்கள் மூன்று, மீதி பாகங்களாகக் கிடந்தன. ஏற்க மறுத்துவிட்டார்கள். பிறகு அலுவலக ஊழியர்கள் வரை கைகொடுத்துப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். 1969 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலை முற்றத்தில் 25 கார்களும் வரிசையாக நின்றன. 1970-லும் 71-லும் லெ மான் அந்தக் காருக்குத்தான். 71-ல் அது ஓடிய 5,335 கிலோமீட்டரைத் தாண்ட 2010 வரை ஆனது.

சாயங்காலம் வெளியே வந்தபோது கால் வலி. டிராமில் நிற்க மட்டும் இடம். ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

ஜூன் 12, புதன்

அறையைக் காலி செய்துவிட்டு மெசோன் பிளான்ஷ் முகாமில் கூடாரம் அடித்தேன். இடப்பக்கம் இங்கிலாந்திலிருந்து வந்த நான்கு நண்பர்கள், வலப்பக்கம் நாந்த் ஊரிலிருந்து ஒரு தம்பதி. நண்பர்கள் இருபது வருஷமாக இதே மூலைக்கு வருகிறார்களாம். என் கூடாரக் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே வந்து இழுத்துக் கட்டினார்கள். வெளி உறையைத் தொட்டுப் பார்த்த ஒருவர், "மழை வந்தால் எங்கள் வேனுக்கு வாருங்கள்" என்றார். புதுக் கூடாரம், கடைக்காரர் தண்ணீர் புகாது என்றுதான் விற்றார்.

இரவுப் பயிற்சி நள்ளிரவு வரை. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்துக்குள் வட்டு சிவந்து கனன்று அணைகிறது. காடிலாக்கின் 5.5 லிட்டர் வி8 உறுமல் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கார் என்று சொல்ல நண்பர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு கார்களைப் பிடித்துவிட்டேன்.

முகாமுக்கு அருகிலேயே போர்ஷே வளைவுகள். 2012-ல் நிஸானின் டெல்டாவிங் அங்கேதான் நின்றுபோனது. அம்பு முனை போல முன்பக்கம் ஒடுங்கிய கார், மற்ற புரோட்டோடைப்புகளில் ஏறக்குறைய பாதி எடை. எந்த விதிக்குள்ளும் அடங்காது என்பதால் 'கராஜ் 56' என்று போட்டிக்கு வெளியே ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் ஓடியிருக்கும், ஒரு டொயோட்டா இடித்து மதிலில் மோதியது. பாதையில் நிற்கும் காரை ஓட்டுநர் மட்டும்தான் பழுது பார்க்கலாம் என்பது விதி. அதன் ஓட்டுநர் சதோஷி மோதோயாமா தனியாளாகக் காரோடு போராடினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெக்கானிக்குகள் எதைக் கழற்று, எதைப் பூட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்றும் கார் கிளம்பவில்லை. அந்த வேலி எது என்று நண்பர்களைக் கேட்டேன். டார்ச் அடித்துக் காட்டினார்கள்.

ஜூன் 13, வியாழன்

முன்வரிசைக்கான ஹைப்பர்போல் ஓட்டம். கெவின் எஸ்த்ர் கடைசியில் போர்ஷேவை முதலிடத்தில் நிறுத்தினார். முகாமே கூச்சல் போட்டது.

இரவு நாந்த் தம்பதி பகிர்ந்த சீஸும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு விவாதம். பிஓபி பற்றி. அதாவது கார்களின் திறனைச் சமன் செய்வது. வேகமான காருக்கு எடையைக் கூட்டுவார்கள், சக்தியைக் குறைப்பார்கள். மெதுவான காருக்கு நேர்மாறு. ஒவ்வொரு காரின் அச்சிலும் முறுக்குவிசையை அளக்கும் உணரி இருக்கிறது. சக்கரத்துக்குப் போகும் சக்தி அதில் பதிவாகிவிடும். ஒளிக்க முடியாது. இன்ஜினுக்குள் என்ன வித்தை செய்தாலும் அச்சில் வந்து மாட்டிக்கொள்ளும்.

கார் செய்ய இரண்டு வழி உண்டு. முழுக் காரையும் தானே வடிவமைப்பது ஒன்று. ஃபெராரி, டொயோட்டா, பெஜோ அந்த வழி. அனுமதி பெற்ற நான்கு நிறுவனங்களில் ஒன்றிடம் சட்டகம் வாங்கி, எல்லோருக்கும் பொதுவான ஹைப்ரிட் கருவியைப் பொருத்தி, இன்ஜினையும் உடலையும் மட்டும் தன்னுடையதாக்குவது இன்னொன்று. போர்ஷே, காடிலாக், பிஎம்டபிள்யூ அப்படி வந்தவை. செலவு வெகுவாகக் குறையும். இரண்டையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட பிஓபி இல்லாமல் முடியாது என்றார் நாந்த்காரர்.

நான் மறுத்தேன். நாளைக்கு ஒரு பொறியாளர் விதியில் புதுக் கதவைக் கண்டுபிடித்து அரை விநாடி சம்பாதித்தால், அடுத்த பந்தயத்திலேயே பத்துக் கிலோ ஏற்றி அதைப் பறித்துவிடலாமே, பிறகு எதற்காக அவர் ராத்திரி கண்விழிக்க வேண்டும்? 1991-ல் இந்தப் பேச்சே வேறு. மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் காருக்கு 830 கிலோ போதும் என்று அணி வாதாடி வாங்கியது. மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1,000 கிலோ சுமந்தன. அந்தச் சலுகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாஸ்டா 787பி ஜெயித்து, லெ மானை வென்ற முதல் ஜப்பானியக் கார் ஆனது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விரலை மடித்து எண்ணினார். செலவு தாங்காமல் 2016-ன் முடிவில் ஆவ்டி போயிற்று. அடுத்த வருஷம் போர்ஷே. 2018 முதல் 2022 வரை ஐந்து முறையும் டொயோட்டாவே. மைதானத்தில் சமமான பெரிய எதிரி யார் இருந்தார்கள்? இந்த வருஷம் ஒன்பது கம்பெனிகள், 23 ஹைப்பர்கார்கள். "எனக்கு இதுதான் வேண்டும்" என்றார். அவர் மனைவி இருவரையும் பார்த்து விளக்கை அணைத்தார். பேச்சு அத்தோடு நின்றது, ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கணக்கு சரிதான். என் வருத்தமும் பொய்யில்லை.

ஜூன் 14, வெள்ளி

காலையில் பிட் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு கராஜ் முன்னால் நின்ற மெக்கானிக்கிடம், போன்ஜூர் சொல்லிவிட்டு, பிஓபி உங்களுக்குத் திருப்திதானா என்றேன். அவர் புன்னகையோடு உதட்டின் மேல் விரலை வைத்தார். அதைப் பற்றி அணிகள் பொதுவில் பேசக் கூடாது என்பதும் விதிதான். பிறகு, பேச முடியாததற்கு ஈடாகவோ என்னவோ, ஒரு சக்கர நட்டை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது.

மாலையில் நகரத்தில் ஓட்டுநர்கள் ஊர்வலம். பழைய கார்களில் உட்கார்ந்து கையசைத்துப் போனார்கள். கூட்டத்தில் டிராமில் ஏற முடியாமல் முகாமுக்கு ஒன்றரை மணி நேரம் நடந்தேன். வழியில் தூறல்.

ஜூன் 15, சனி

மாலை 4 மணி. கால்பந்து வீரர் ஜிடேன் கொடியசைத்தார். 62 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போன சத்தத்தில் பக்கத்துக் குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அப்பா பெரிய காதுமூடியை மாட்டியதும் கைகொட்டிச் சிரித்தது.

இரண்டு மணி நேரத்துக்குள் மழை வந்துவிட்டது. சிலர் மழை டயர் மாட்ட ஓடினார்கள், சிலர் வறண்ட பாதைக்கான டயரிலேயே தாக்குப்பிடித்தார்கள். பாதையின் ஒரு மூலையில் மழை, மறு மூலையில் இல்லை. பத்து யூரோ கொடுத்து ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கினேன். முதல் காற்றிலேயே தோளில் கிழிந்தது. உருளைக்கிழங்கு வறுவல் 6 யூரோ. குளிருக்கு அதைக் கையில் பிடித்திருந்ததே சுகம்.

பத்து மணி வரை வெளிச்சம் இருந்தது. இருட்டியதும் ஆல்பீன் கார் இரண்டும் இன்ஜின் கோளாறில் ஒதுங்கிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதைக் கேட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டு மணிக்குக் கூடாரத்தில் படுத்தேன். நான்கு மணிக்கு முதுகில் ஈரம். தண்ணீர் தையல் வழியாக உள்ளே வந்து, தூங்கும் பை, செருப்பு, குறிப்பேடு எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. வெளியே கனமழை. வேன் கதவைத் தட்டினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள். துண்டு கொடுத்தார்கள், பால் ஊற்றிய டீ கொடுத்தார்கள். இந்த வாரத்தில் நான் குடித்த மிக நல்ல பானம் அதுதான்.

பாதையில் சேஃப்டி கார். அதன் பின்னால் எல்லாக் கார்களும் வரிசையாக, மெதுவாக, நான்கு மணி நேரத்துக்கு மேல். உறுமல் இல்லாத அந்த விடியல் வினோதமாக இருந்தது. நண்பர்களில் ஒருவர் எரிச்சலோடு தூங்கப்போனார். எனக்கு அதிகாரிகள் செய்தது சரி என்றே பட்டது. அந்தத் தண்ணீரில் ஓடவிட்டிருந்தால் யாராவது அடிபட்டிருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் மறுபடி பந்தயம்.

கடைசி இரண்டு மணி நேரத்தை முழுக்க நின்றே பார்த்தேன். முன்னணியில் இருந்த 50-ஆம் எண் ஃபெராரியின் கதவு ஓடும்போதே திறந்து அடித்தது. கறுப்பில் ஆரஞ்சு வட்டமிட்ட கொடி காட்டினார்கள். பிட்டுக்கு வந்து மூடியாக வேண்டும். நினைத்த நேரத்துக்கு முன்பே வந்ததால் மீதி நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. இங்கேதான் அச்சிலிருக்கும் அந்த உணரி மறுபடி வந்தது. இப்போது காரில் எத்தனை லிட்டர் மீதி என்பது பெரிய கேள்வியில்லை. இரண்டு பிட்டுகளுக்கு நடுவே சக்கரங்களுக்கு இவ்வளவு ஆற்றல்தான் போகலாம் என்று வரம்பு உண்டு. அது திரையில் சதவீதமாக இறங்கிக்கொண்டே வரும்.

பின்னால் துரத்தியது 7-ஆம் எண் டொயோட்டா. ஹைப்பர்கார்களில் கடைசியாக, 23-ஆம் இடத்திலிருந்து கிளம்பிய கார்! மறுபடி மழை. நிக்லாஸ் நீல்சன் ஃபெராரியை முதலிடத்தில் கோட்டைத் தாண்டவைத்தபோது 311 சுற்று முடிந்திருந்தது. வித்தியாசம் 14.221 விநாடி. அவரிடம் மீதமிருந்த ஆற்றல் 2 சதவீதம். மொத்தம் ஒன்பது கார்கள் அதே சுற்றில் முடித்தன. 24 மணி நேரத்துக்குப் பிறகு!

நாந்த்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வியாழன் இரவு பேச்சின் தொடர்ச்சி என்று புரிந்தது. "ஆமாம், இப்படி ஒரு முடிவு பிஓபி இல்லாமல் வந்திருக்காது" என்று ஒப்புக்கொண்டேன். "ஆனால் பெஜோ?" என்றேன். பெஜோ கார்கள் 11-ஆம், 12-ஆம் இடம். அவர் நாட்டுக் கார் அது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தோற்பதென்றால் விங் இல்லாமலே தோற்றிருக்கலாம்" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஜூன் 17, திங்கள்

கூடாரத்தை மடிக்க முடியவில்லை, தண்ணீரோடு அவ்வளவு கனம். முகாம் வாசலில் விட்டுவிட்டேன். குறிப்பேட்டின் பெரும்பாலான பக்கங்களில் மை கரைந்துவிட்டது. வேன் ரேடியேட்டர் மேல் விரித்து உலர்த்தியதில் பெசாஜ் அன்று எழுதியவை மட்டும் தப்பின. நண்பர்கள் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார்கள், பெட்ரோல் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ரயில் கிளம்பும் முன் ரெப்பப்ளிக் சதுக்கம் போனேன். அளவு மேடைகளைக் காணோம். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மட்டும். காபிக் கடை அம்மாவிடம் முதலில் போன்ஜூர் சொன்னேன். யார் ஜெயித்தது என்று கேட்டார். சொன்னேன். "பெஜோ எத்தனையாவது?" என்றார். அதையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் காபியோடு ஒரு துண்டு கேக்கும் வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.